கணக்குக் கேட்ட பத்திரிகையாளர்: கோ. நடேசய்யரும் மலையகமும்

மலையகத் தொழிற்சங்க வரலாற்றை யார் எழுத உட்கார்ந்தாலும் கோதண்டராம நடேசய்யர் என்ற பெயரில்தான் தொடங்க வேண்டியிருக்கிறது. தோட்டத் தொழிலாளருக்கென்று தனிச் சங்கம் கண்டவர், சட்ட நிரூபண சபையிலும் பின்னர் அரசாங்க சபையிலும் அவர்களுக்காக வாதாடியவர் என்ற அளவில் அவரைப் பாடநூல்கள் அறிமுகப்படுத்துகின்றன. அந்த அறிமுகத்தில் தவறில்லை. ஆனால் அவர் வாழ்நாள் முழுவதும் விடாமல் செய்த வேலை பத்திரிகைதான். சங்கங்கள் சேர்ந்தன, பிரிந்தன; தேர்தலில் வெற்றியும் வந்தது, தோல்வியும் வந்தது. அத்தனைக்கும் நடுவே ஒரு பத்திரிகை நின்றதும் அடுத்ததைத் தொடங்கிவிடுவார். எனவே ஒரு பத்திரிகாசிரியரின் தொழில்வாழ்க்கையாக அவரது வரலாற்றைப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

என் வாதம் இதுதான். நடேசய்யரின் எழுத்து தோட்டத்துரைமாரைக் கலங்கடித்ததற்கு அதன் ஆவேசம் மட்டும் காரணமல்ல. அவர் வர்த்தகக் கல்வியிலிருந்தும் தொழில்நுட்ப எழுத்திலிருந்தும் பத்திரிகைக்கு வந்தவர். கணக்கை, நடைமுறையை, சட்டத்தைப் பிரித்துப் போட்டுப் பாமரருக்கும் விளங்கச் சொல்வது அவருக்குப் பழகிய கலை. அந்தக் கலையைத் தோட்ட நிர்வாகத்தின் மீது திருப்பினார். மலையக இதழியலின் அடித்தளம் அங்கேதான் போடப்பட்டது.

தஞ்சாவூர் தந்த பயிற்சி

நடேசய்யர் 1887 இல் தஞ்சாவூர்ப் பகுதியில் பிறந்தவர். வர்த்தகக் கல்வி போதித்தவர்; தஞ்சையிலிருந்து 'வர்த்தகமித்திரன்' என்ற இதழை நடத்தியவர். தேசியமும் பக்தியும் தமிழ்ப் பத்திரிகைகளின் பக்கங்களை நிரப்பிய காலத்தில், வணிகருக்கென்று ஒரு தமிழ் இதழ் நடத்துவது சாதாரணக் காரியமல்ல. அவர் எழுதிய நூல்களின் வரிசையும் வியப்பூட்டுவது. காப்புறுதி பற்றி எழுதினார்; கணக்குப் பதிவு பற்றி எழுதினார்; ஆயில் எஞ்சின் பற்றியும் தமிழில் எழுதினார். 'ஒற்றன்' என்ற நாவலும் அவருடையதே.

இவற்றில் ஆயில் எஞ்சின் பற்றிய நூலை ஒரு விசித்திரமாகக் கருதித் தாண்டிச் செல்வது எளிது. நான் அதை அவரது எழுத்து முறைக்கான திறவுகோலாகவே எடுத்துக்கொள்கிறேன். எஞ்சினைப் பற்றித் தமிழில் எழுதுபவர் வாசகனிடம் எதையும் மறைக்க முடியாது. எது எதை இயக்குகிறது, எண்ணெய் எங்கே போகிறது, எது பழுதானால் எது நிற்கும் என்று ஒவ்வொன்றாகச் சொல்லியாக வேண்டும். ஆங்கிலம் தெரிந்தவரிடம் மட்டும் இருந்த அறிவைப் பட்டறைக்காரனின் கைக்குக் கொடுக்கும் வேலை அது. பின்னாளில் ஹட்டனிலிருந்து அவர் வெளியிட்ட தொழிலாளர் பிரசுரங்களிலும் இதே வேலை நடப்பதைக் காணலாம். அங்கே எஞ்சினின் இடத்தில் தோட்டம் இருந்தது.

மூடிய தோட்டத்துக்குள்

1919 இல் கொழும்புக்கு வந்த நடேசய்யர், 1920 முதல் இலங்கையையே தன் களமாக்கிக்கொண்டார். தோட்டத் தொழிலாளரின் நிலையை நேரில் அறிய விரும்பிய அவருக்கு முதல் தடை வாசலிலேயே இருந்தது. தோட்டம் தனியார் சொத்து. தொழிலாளி குடியிருந்த லயமும் தோட்டத்துக்கே சொந்தம். துரையின் அனுமதியில்லாமல் வெளியார் உள்ளே காலெடுத்து வைத்தால் அத்துமீறல் வழக்குப் போடலாம். பெரிய கங்காணியின் கண்ணுக்குத் தப்பி லயத்துக்கு வந்து பேசிவிட்டுப் போவதும் முடியாது. ஆகவே துணி வியாபாரி வேடத்தில் தோட்டங்களுக்குள் நுழைந்தார் நடேசய்யர். புடவை மூட்டையோடு வருகிறவரை லயத்து வாசலில் யாரும் சந்தேகிக்கவில்லை. விலை பேசும் சாக்கில் சம்பளத்தையும் கடனையும் பற்றிக் கேட்டறிய முடிந்தது. இன்றைய இதழியல் பாடத்தில் இதைக் களப்புலனாய்வு என்பார்கள்.

அங்கே அவர் கண்டது என்ன என்பதை விளங்கிக்கொள்ளத் துண்டு முறையைக் கொஞ்சம் நெருங்கிப் பார்க்க வேண்டும். தமிழகத்திலிருந்து ஆள்கட்டிக் கொண்டுவரும் கங்காணி, பயணச் செலவையும் முற்பணத்தையும் தொழிலாளியின் பேரில் கடனாக எழுதிக்கொள்வார். அந்தக் கடன் தீராமல் தோட்டத்தை விட்டுப் போக முடியாது. வேறு தோட்டத்துக்கு மாற விரும்பினால், இன்ன தொகையைக் கட்டினால் இவரை விடுவிப்போம் என்று எழுதிய ஒரு சீட்டைத் தோட்டம் தரும். அதுதான் துண்டு. புதிய தோட்டத்துக் கங்காணி அந்தத் தொகையைக் கட்டி ஆளை எடுத்துக்கொள்வார். கட்டிய தொகை தொழிலாளியின் பேரில் புதிய கடனாக ஏறும். தோட்டம் மாறும், கங்காணி மாறுவார், கடன் மட்டும் கூடவே வரும். தன் பேரில் எவ்வளவு எழுதியிருக்கிறது என்பதை வாசித்தறிய முடியாதவர்களே பெரும்பாலோர்.

துண்டு முறை 1921 ஆம் ஆண்டுச் சட்டத்தால் ஒழிக்கப்பட்டது. சட்டம் மாறியதும் தோட்டத்தின் பழக்கமும் மாறிவிடவில்லை. கங்காணிக்குத் தலைக்கு இவ்வளவென்று கிடைத்துவந்த பென்ஸ் காசும், அதனால் ஆட்கள் மீது அவருக்கிருந்த பிடியும் தொடர்ந்தன. கணக்கெழுதுவது எப்படியென்று நூல் எழுதிய ஒருவர் இந்தக் கணக்குப் புத்தகங்களின் எதிரே நின்றபோது, அநியாயத்தோடு கூடவே அது நடந்தேறும் வழியும் அவருக்குத் தெரிந்திருக்கும் என்றே கருதுகிறேன். அவரது கண்டனங்கள் பொதுவான வசையாகத் தேங்காமல் குறிப்பான கேள்விகளாக வந்ததற்கு வேறு காரணம் எனக்குத் தோன்றவில்லை.

'தேசநேசன்' முதல் 'தேசபக்தன்' வரை

1921 இல் 'தேசநேசன்' பத்திரிகையின் ஆசிரியப் பொறுப்பு அவருக்கு வந்தது. 1924 இல் 'தேசபக்தன்' தொடங்கியது. அவர் பெயரோடு ஒட்டிக்கொண்டு விட்ட பத்திரிகை அது. இடையிலும் பின்னரும் 'சிட்டிசன்', 'ஃபோர்வர்ட்', 'இந்தியன் எஸ்டேட் லேபரர்' ஆகிய ஆங்கில இதழ்களையும் நடத்தினார். 'சுதந்திரப்போர்', 'வீரன்' ஆகிய தமிழ் இதழ்கள் பிற்காலத்தவை.

இரண்டு மொழிகளில் நடத்தியதற்குத் தெளிவான காரணம் உண்டு. அன்றைய கொழும்பில் 'டைம்ஸ் ஒப் சிலோன்' போன்ற ஆங்கில நாளிதழ்கள் தோட்ட முதலாளிமாரின் பார்வையையே பொதுவான உண்மையாக அச்சிட்டன. ஆளுநர் வாசித்தது அதைத்தான். சட்ட நிரூபண சபையின் உறுப்பினர்கள் வாசித்ததும் அதைத்தான். தமிழில் மட்டும் எழுதினால் தொழிலாளியின் குறை தொழிலாளியின் காதுக்கே திரும்பி வரும். அதிகாரம் உள்ளவரின் மேசைக்குப் போகாது. நடேசய்யர் ஆங்கில இதழ்களை அதிகாரிகளுக்கும் இந்திய அரசியலாளருக்கும் எழுதினார். தமிழ் இதழ்களைத் தன் மக்களுக்கு எழுதினார். தோட்ட ஆட்சியைச் சாடி ஆங்கிலத்தில் அவர் எழுதிய நூலுக்கு 'பிளாண்டர் ராஜ்' என்று பெயர் வைத்தார். பிரிட்டிஷ் ராஜ் என்று உலகம் சொல்லிக்கொண்டிருந்த நேரத்தில், அதற்குள்ளே இன்னொரு ராஜ்யம் இருக்கிறது, அது தேயிலைத் தோட்டம் என்று அந்தத் தலைப்பே வழக்குரைத்தது.

1924 தேர்தலில் தோற்ற அவர், 1925 இடைத்தேர்தலில் வென்று சட்ட நிரூபண சபைக்குள் நுழைந்தார். பத்திரிகை ஆசிரியர் சபை உறுப்பினரானதும் இரண்டும் ஒன்றுக்கொன்று தீனி போட்டன. லயத்திலிருந்து வந்த முறைப்பாடு பத்திரிகைச் செய்தியாகும். செய்தி சபையில் கேள்வியாகும். கேள்விக்குக் கிடைத்த பதில் மறுபடியும் பத்திரிகையில் வெளிவரும். அப்போது தொழிலாளிக்குத் தன் குறை எங்கெல்லாம் போய் வந்தது என்பது தெரியும். ஒரு முறைப்பாட்டுக்கு இப்படியொரு பாதை அமைந்தது மலையகத்துக்கு அதுவரை தெரியாத அனுபவம்.

அதே ஆண்டுகளில் ஏ.ஈ. குணசிங்கவின் இலங்கைத் தொழிலாளர் சங்கத்திலும் அவர் முன்வரிசையில் நின்றார். கொழும்பு நகரத் தொழிலாளரும் தோட்டத் தொழிலாளரும் ஒரே வர்க்கம் என்ற நம்பிக்கையில் கட்டிய உறவு அது. 1920களின் இறுதியில் குணசிங்க இந்திய வம்சாவளித் தொழிலாளருக்கு எதிரான பிரசாரத்தை எடுத்தபோது, 1928 இல் நடேசய்யர் விலகினார். இந்தப் பிரிவை வரலாறு போதிய அளவு வருத்தத்தோடு எழுதவில்லை என்பது என் எண்ணம். இன எல்லையைத் தாண்டிய ஒரு தொழிலாளர் இயக்கம் இந்த நாட்டில் வேர்விடுவதற்கு இருந்த நல்ல வாய்ப்பு அப்போது கைநழுவியது.

ஐம்பத்து நான்கு சதம்

நடேசய்யரின் காலத்துப் போராட்டம் எதைச் சுற்றி நடந்தது என்பதை எண்களில் பார்ப்பது நல்லது. 1927 ஆம் ஆண்டின் குறைந்தபட்சச் சம்பளச் சட்டம் 1929 இல் நடைமுறைக்கு வந்தது. மலைநாட்டில் ஒரு நாளைக்கு ஆணுக்கு 54 சதம், பெண்ணுக்கு 43 சதம், பிள்ளைக்கு 32 சதம். இடைநாட்டில் 52, 41, 31. கீழ்நாட்டில் 50, 40, 30. மாதம் 26 நாள் ஒழுங்காகப் பேர் விழுந்தால், அதாவது வேலைநாள் பதிவானால், மலைநாட்டு ஆணுக்கு 14 ரூபாய் 4 சதமும் பெண்ணுக்கு 11 ரூபாய் 18 சதமும் வரும். கொழுந்து பறிப்பதில் தோட்டம் நம்பியிருந்தது பெண்ணின் விரல்களை. அவளுக்கு நாளொன்றுக்கு 11 சதம் குறைவு.

'பேர் விழுந்தால்' என்ற நிபந்தனையில்தான் சூட்சுமம் இருக்கிறது. காலையில் ஆட்கள் வேலைக்குக் கூடும் பெரட்டுக்களத்தில் பேர் எழுதப்படுவதும் மாலையில் அந்தப் பேர் முழுப்பேராக நிற்பதும் வேறு வேறு. கொழுந்தின் நிறை குறைந்தால் அரைப்பேர். நேரம் பிந்தினால் திருப்பியனுப்புதல். செக்ரோல் என்ற வரவுப் பதிவேட்டில் கணக்கப்பிள்ளையின் பென்சில் போடும் ஒரு கோடு ஒரு வீட்டின் ராச்சாப்பாட்டைத் தீர்மானித்தது. பிறகு அரிசிக்கு, கம்பளிக்கு, முற்பணத்துக்கு, வண்ணானுக்கு, கோயிலுக்கு என்று கழிப்பார்கள். சட்டம் 54 சதம் என்று சொன்னாலும் மாதக் கடைசியில் கைக்கு வருவது எவ்வளவு என்பது இந்தக் கழிவுகளில்தான் இருந்தது.

நடேசய்யரின் எழுத்துப்பணி இங்கே கூர்மையடைகிறது. 'தொழிலாளர் சட்டப் புத்தகம்', 'தொழிலாளர்களின் கடமைகளும் உரிமைகளும்' போன்ற அவரது தமிழ்ப் பிரசுரங்கள் இந்தத் தேவையிலிருந்து பிறந்தவை. சட்டம் ஆங்கிலத்தில் இருந்தது. அதைக் கையில் வைத்திருந்தவர் துரை. அந்தச் சட்டத்தைத் தொழிலாளியின் மொழியில் மலிவான சிறு நூலாக அச்சிட்டபோது, துரையின் வாய்ச்சொல்லே சட்டம் என்ற நிலை ஆட்டங்காணத் தொடங்கியது. உரிமையோடு கடமையையும் சேர்த்துத் தலைப்பில் வைத்ததிலும் ஓர் எச்சரிக்கை உணர்வு தெரிகிறது. தொழிலாளியைக் கலகத்துக்குத் தூண்டுகிறார் என்ற குற்றச்சாட்டுக்கு இடமில்லாமல், சட்டம் கேட்பதை நாங்கள் செய்கிறோம், சட்டம் தருவதை நீங்கள் தாருங்கள் என்று நிற்பதற்கான மேடை அது.

வாசிக்கத் தெரியாதவரின் பத்திரிகை

பத்திரிகைக்குத் தன் வாசகரே வாசிக்க முடியாதவராக இருப்பதைவிடப் பெரிய சோதனை இல்லை. நடேசய்யர் அதற்குக் கண்ட விடையில் பாதிக்கு மேல் அவரது துணைவியார் மீனாட்சி அம்மாளுக்குச் சொந்தம். 'தேசபக்தன்' பத்திரிகையின் ஆசிரியப் பணியில் பங்கெடுத்தவர் அவர். கூட்ட மேடைகளில் பாட்டோடு நின்றவர். 'இந்தியத் தொழிலாளர் துயரச் சிந்து', 1940 இல் வெளிவந்த 'இந்தியர்களது இலங்கை வாழ்க்கையின் நிலைமை' ஆகிய பாட்டுப் பிரசுரங்கள் அவர் பெயரில் வந்தவை. கும்மியும் சிந்தும் லயத்து மக்களுக்குப் பாலோடு ஊட்டப்பட்டவை. அந்த மெட்டில் சம்பள வெட்டும் வாக்குரிமையும் ஏறிவிட்டால் காகிதம் தேவையில்லை. சாமிமலையிலோ அப்கொட்டிலோ ஒரு லயத்தில் ஒருத்திக்குப் பாட்டு மனப்பாடமானால் மலை முழுதும் அது பரவிவிடும். பாட்டுக்கு அத்துமீறல் வழக்குப் போட முடியாது.

மலையகப் பெண்களின் அரசியல் எழுத்துக்கு மீனாட்சி அம்மாள் முன்னோடி என்று சொல்லலாம். ஆனாலும் அவரைப் பற்றிய தனி ஆய்வு இன்னும் அவரது தகுதிக்கு ஏற்ற அளவில் வரவில்லை. நடேசய்யரின் துணைவி என்ற ஒரு வரியோடு அவரை முடித்துக்கொள்ளும் வழக்கம் நீங்க வேண்டும்.

நாடகத்தையும் நடேசய்யர் விட்டுவைக்கவில்லை. 1937 இல் வந்த 'தொழிலாளர் அந்தரப் பிழைப்பு' தோட்ட வாழ்க்கையை மேடைக்கேற்ற உரையாடலாக்கிய முயற்சி. பாட்டு, நாடகம், சட்ட நூல், பத்திரிகை, சபை உரை எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்தால் ஒரே செய்தியை ஐந்து வாசல்கள் வழியாக அனுப்பியிருக்கிறார் என்பது புலப்படும். ஒரு வாசலைத் துரை அடைத்தாலும் மற்றொன்றால் உள்ளே போகும்.

ஹட்டன் ஆண்டுகள்

1931 இல் அகில இலங்கை இந்தியத் தோட்டத் தொழிலாளர் சம்மேளனத்தை நடேசய்யர் ஹட்டனில் தொடங்கினார். ஹட்டனைத் தேர்ந்தெடுத்ததில் இடமறிந்த புத்தி இருந்தது. 1884 இலேயே ரயில் வந்து சேர்ந்த ஊர் அது. டிக்கோயா, பொகவந்தலாவ, மஸ்கெலியா என்று தோட்டங்கள் நிறைந்த பள்ளத்தாக்குகளுக்கெல்லாம் வாசல். தோட்டத்து மக்கள் சம்பளநாள் கழிந்த ஞாயிற்றுக்கிழமைகளில் சாமான் வாங்க ஹட்டனுக்கு வருவது வழக்கம். தோட்டத்துக்குள் கூட்டம் போட விடாவிட்டாலும், துரையின் அதிகாரம் செல்லாத கடைத்தெருவில் ஆட்களைச் சந்திக்கலாம்.

காலமோ மோசமான காலம். உலகப் பொருளாதாரம் சரிந்து தேயிலை விலை வீழ்ந்தது. முன்னர் சட்டம் நிர்ணயித்த அந்தச் சம்பளமும் 1930களின் தொடக்கத்தில் குறைக்கப்பட்டது. சம்பள வெட்டை எதிர்த்து எழுதியும் பேசியும் நின்றார் நடேசய்யர். டொனமூர் அரசியலமைப்பு 1931 இல் சர்வஜன வாக்குரிமையைக் கொண்டுவந்தது. இந்திய வம்சாவளியினருக்கு மட்டும் வதிவிட நிபந்தனைகள் போட்டு வாசலைக் குறுக்கினார்கள். அப்படியும் பதிவு பெற்ற தொழிலாளரின் வாக்கு ஒரு சக்தியாயிற்று. 1931 இல் ஹட்டன் தொகுதியின் உறுப்பினரானவர் பெரி. சுந்தரம், முதலாவது தொழில் அமைச்சரும் அவரே. 1936 இல் அதே தொகுதியை நடேசய்யர் வென்று 1947 வரை அரசாங்க சபையில் இருந்தார்.

பத்திரிகையாளரின் எல்லை

அவரது வாழ்க்கையை நன்றியோடு வாசிப்பவர் அதன் தளர்ச்சியையும் வாசிக்கக் கடமைப்பட்டவர். சம்மேளனம் பெரிதும் ஒரு மனிதரின் உழைப்பைச் சுற்றியே நின்றது. 1939 இல் ஜவகர்லால் நேரு இலங்கை வந்தபோது இலங்கை இந்தியக் காங்கிரஸ் உருவாயிற்று. 1940 இல் அதன் தொழிற்சங்கம் தோட்டங்களுக்குள் இறங்கியது. அதே ஆண்டு ஜனவரியில் முல்லோயாத் தோட்டத்தில் பொலிஸ் சுட்டதில் கோவிந்தன் என்ற தொழிலாளி உயிரிழந்தார். அந்தப் போராட்டத்தில் முன்னின்றவர்கள் இடதுசாரிகள். ஆக, 1940களில் தோட்டத் தொழிலாளிக்கு முன்னால் பல கொடிகள் இருந்தன. தோட்டந்தோறும் தலைவர், கமிட்டி, மாதச் சந்தா என்று கிளைவிடும் அமைப்பே அன்றைய தேவை. எழுத்திலும் வாதத்திலும் தேர்ந்த நடேசய்யரின் பலம் அந்த வகையான அமைப்புக் கட்டுவதில் இருக்கவில்லை.

1947 பொதுத்தேர்தலில் இலங்கை இந்தியக் காங்கிரஸ் ஏழு ஆசனங்களை வென்றது. மஸ்கெலியாவில் ஜி.ஆர். மோத்தா தெரிவானார். நடேசய்யர் தோற்றார், அதே ஆண்டு நவம்பரில் காலமானார். மறு ஆண்டு பிரஜாவுரிமைச் சட்டம் வந்து இம்மக்களில் பெரும்பாலோரை நாடற்றவராக்கியது. தொடர்ந்து வாக்கும் பறிபோயிற்று. கால் நூற்றாண்டாக எதற்காக அவர் எழுதினாரோ அது ஒரு சட்டத்தில் கலைந்ததைக் காண அவர் உயிரோடில்லை.

அவரது நினைவும் சில பத்தாண்டுகள் மங்கிக் கிடந்தது. வெற்றி பெற்ற சங்கங்கள் தங்கள் வரலாற்றைத் தங்களிலிருந்தே தொடங்கின. அந்த மறதியிலிருந்து அவரை மீட்டவர்களில் முதன்மையானவர் சாரல்நாடன். 1988 இல் 'தேசபக்தன் கோ. நடேசய்யர்', பத்தாண்டு கழித்துப் 'பத்திரிகையாளர் நடேசய்யர்' என்று இரு நூல்களை அவர் தந்தார். இலங்கைத் தொழிலாளர் இயக்கத்தின் எழுச்சி பற்றி ஆங்கிலத்தில் ஆய்ந்த குமாரி ஜயவர்தனவும் நடேசய்யரின் இடத்தை உறுதியாகப் பதிவு செய்திருக்கிறார்.

இன்றைய கடன்

2021 இல் சம்பள நிர்ணய சபை நாட்சம்பளத்தை 1,000 ரூபாய் ஆக்கியபோது, 900 அடிப்படைச் சம்பளம், 100 கொடுப்பனவு என்று அது பிரிந்தது. கம்பனி எத்தனை கிலோ கொழுந்து கேட்கும், குறைந்தால் எவ்வளவு வெட்டும், சேமலாப நிதி எந்தத் தொகையின் மேல் கணக்கிடப்படும் என்ற கேள்விகள் உடனே எழுந்தன. பிந்திய உயர்வுகளிலும் அதே கேள்விகள் திரும்பின. மேடைகளில் ஆயிரம் ரூபாய் என்ற ஒற்றைச் சொல் முழங்கியது. சம்பளச் சீட்டின் ஒவ்வொரு வரியையும் எடுத்து இது என்ன, இது ஏன், இதைக் கேட்க உனக்கு எந்தச் சட்டம் இடம் தருகிறது என்று தொழிலாளிக்கு எளிய தமிழில் விளக்கிய எழுத்து அந்த முழக்கத்தின் அளவுக்குப் பெருகவில்லை.

நடேசய்யருக்கு நாம் செலுத்த வேண்டிய மரியாதை சிலையிலோ நினைவுக் கூட்டத்திலோ முடிந்துவிடக் கூடாது. எஞ்சியிருக்கும் 'தேசபக்தன்' இதழ்களையும் மீனாட்சி அம்மாளின் பிரசுரங்களையும் தொகுத்துப் பதிப்பிப்பது முதற்பணி. பல்கலைக்கழகங்களில் பயிலும் மலையக மாணவர்கள் எடுத்துக்கொள்ளத் தக்க ஆய்வு அது. இரண்டாவது பணி அவரது முறையைத் தொடர்வது. வீட்டுரிமைப் பத்திரம், காணி உறுதி, சேமலாப நிதிக் கணக்கு, கம்பனியின் வெளியார் உற்பத்தி ஒப்பந்தம் ஆகிய நான்கும் இன்று மலையகக் குடும்பங்களின் எதிர்காலத்தைத் தீர்மானிக்கின்றன. இவை ஒவ்வொன்றையும் பிரித்துக் காட்டி, கையெழுத்துப் போடுவதற்கு முன் எதைக் கேட்க வேண்டுமென்று சொல்லித்தரும் பத்திரிகையாளர்கள் மஸ்கெலியாவிலிருந்தும் ஹட்டனிலிருந்தும் எழ வேண்டும். படித்த பிள்ளைகள் இப்போது ஒவ்வொரு லயத்திலும் இருக்கிறார்கள். நடேசய்யருக்குக் கிடைக்காத வாசகர் கூட்டம் நமக்கு வாய்த்திருக்கிறது. அவர் செய்த வேலையை அவர்களுக்காகச் செய்வது இனி நம் பொறுப்பு.